நல்ல நேரம் பார்த்துக் காட்டிய கை

எங்கள் பக்கத்தில் அப்போது ரோட்டில் கை நீட்டினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்: பஸ் நிற்க வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூர்ப் பக்கம் போகும் கல்கத்தா ரோட்டில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பஸ் வரும். நிறுத்தம் என்று தனியாக எதுவும் கிடையாது. எங்கே கை நீள்கிறதோ அதுதான் நிறுத்தம்.

அதனால் என் அண்ணன் முதன்முதலாக மோட்டார் சைக்கிளில் ஏறி, எங்கள் தெருவுக்குத் திரும்புவதற்காக வலது கையை நேராக நீட்டியபோது, எதிரே வந்த பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் தலையை வெளியே விட்டு, "இன்னாப்பா, ஏறணுமா? வண்டிய எங்க போடுவே, மேலயா?" என்று கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒற்றைக் கையால் அந்த வண்டியைப் பிடித்திருப்பதே அண்ணனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

தெருமுனையில் நின்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை எப்படி நீட்ட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அப்போது எனக்குப் பதினாறு வயது. ஆறாம் பாரம், அதாவது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான். நைனா மாட்டுவண்டி ஓட்டினார். பழவேற்காட்டிலிருந்து கருவாட்டு மூட்டைகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் இறந்துபோனார். அண்ணன் அப்போது இரண்டாம் வகுப்பு. சிலேட்டைப் பரண்மேல் போட்டுவிட்டு மாட்டுக் கயிற்றைப் பிடித்தான். எனக்கு ஐந்து வயதானபோது அதே வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டவன் அவன்தான். அதற்குப் பிறகு பொன்னேரி ஹைஸ்கூலுக்கு ரயிலில் போக வேண்டும் என்று வந்தபோது, "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ரயிலு?" என்று கேட்டவர்களோடு சண்டை போட்டவனும் அவன்தான்.

எனக்குப் படிப்பினால் வந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. தெருவில் யாருக்காவது தந்தி வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். எல்லாரும் என்னைச் சுற்றி நின்று வாயைப் பார்ப்பார்கள். அப்போது நான் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகப் படிப்பேன். அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். தந்தியில் நல்ல சேதியா கெட்ட சேதியா என்பதுகூட அவனுக்கு முக்கியமில்லை. படிப்பது நான் என்பதுதான் முக்கியம்.

அண்ணன் வண்டி ஓட்டியது பழவேற்காட்டு பாய் ஒருவருக்கு. கருவாடு, இறால் வியாபாரம். ஆந்திரா தனியாகப் பிரிந்த பிறகு எளாவூரில் செக் போஸ்ட் வந்தது. அந்தப் பக்கம் போகும் பாயின் லாரிகள் அங்கே போய் நிற்கும். ஏதாவது ஒரு காகிதம் குறைந்தால் நாள் முழுக்க நிற்கும். கருவாடு பொறுத்துக்கொள்ளும், இறால் பொறுக்காது. குறைந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு உடனே போய்ச் சேர ஓர் ஆள் வேண்டும் என்று, யுத்தத்துக்கு வந்த பழைய பட்டாளத்து மோட்டார் சைக்கிள் ஒன்றை பாய் வாங்கினார். பச்சை நிறம். பட்டாளத்து நம்பரை மறைக்க மேலே பெயின்ட் அடித்திருந்தும் அது லேசாகத் தெரிந்தது.

"உனக்கு ரோடும் தெரியும், சரக்கும் தெரியும். லைசன்ஸ் வாங்கினு வந்துடு. இந்த வேலை உன்னுது," என்று பாய் அண்ணனிடம் சொன்னார். "முடியலேன்னா இப்பவே சொல்லு. மெட்ராஸ்லேந்து ஒருத்தன் வர்றேன்றான்."

"முடியும் பாய்," என்றான் அண்ணன். அதுவரை அவன் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

லாரிகள் வந்த பிறகு மாட்டுவண்டிக்கு வேலை குறைந்துகொண்டே போனது. இந்த வேலை கிடைக்காவிட்டால் அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்தில் மண்வெட்டி பிடிக்க வேண்டியதுதான். அம்மா, அண்ணன், நான், மூன்று பேருக்கும் அது தெரியும்.

கற்றுக்கொள்கிறவர்கள் வண்டியில் இங்கிலீஷ் 'எல்' எழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம். ஒரு தகரத்துக்கு வெள்ளை அடித்து, சிவப்பில் நானே எழுதினேன். அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இன்னா பாப்பா, ட எழுதிக்கீறே?"

"ட இல்லேண்ணா. இது எல்."

"எனக்கா எழுத்து சொல்லித் தர்றே? ரெண்டாங் கிளாசு படிச்சவன் நானு. இது ட-தான்."

தெருவும் அவன் பக்கமே சேர்ந்துகொண்டது. "ட வண்டி வருது, ஒத்திக்கோ" என்று குரல் கொடுத்தார்கள். "ட-ன்னா இன்னா, டப்பாவா?" என்று ஒருவர் கேட்க, "டப்பு இல்லேன்னு எழுதி மாட்டிக்கினுகீறான்" என்று இன்னொருவர் சொன்னார். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. தனக்குத் தெரிந்த எழுத்து ஒன்று வண்டியில் இருப்பது அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பாய் ஒரு மெல்லிய இங்கிலீஷ் புத்தகமும் கொடுத்தனுப்பினார். ரோட்டு விதிகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விளக்கு வைப்பதற்குள் தினம் ஒரு பக்கம் படித்துச் சொல்வேன். படத்தில் தொப்பி போட்ட ஒரு மனிதன் விதவிதமாகக் கை காட்டிக்கொண்டிருந்தான். வலது பக்கம் திரும்ப, கையை நேராக நீட்ட வேண்டும். மெதுவாகப் போக, உள்ளங்கையைக் கீழே வைத்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிற்க, கையை மேலே தூக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வலது கைதான்.

"வலது கைய எடுத்தா வண்டி எப்டி ஓடும்? முறுக்கற பிடி அந்தக் கையிலதானே கீது?" என்றான் அண்ணன்.

"புக்குல அப்டித்தான் போட்டுக்கீது."

"சரி. எடப் பக்கம் திரும்பறதுக்காவது எடது கை உண்டா?"

"அதுக்கும் வலது கைதான். நீட்டி, வட்டமா சுத்தணும்."

"மாவாட்டறாப்பலயா?"

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "ஊட்ல ஒரு நாளு ஆட்டினதில்ல. ரோட்ல போய் ஆட்டப் போறானாம்."

எப்போது கை காட்ட வேண்டும் என்பது வேறொரு பக்கத்தில் இருந்தது. ஒரே வரி. சைகைகளை 'இன் குட் டைம்' கொடுக்க வேண்டும். குட் என்றால் நல்ல. டைம் என்றால் நேரம். எனக்குத் தெரியாத வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை.

"நல்ல நேரத்துல கை காட்டணும்," என்று சொன்னேன்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வெள்ளக்காரன் சட்டத்துலயா?"

"ஆமா."

"பாத்தியாம்மா? அவனுக்கும் தெரிஞ்சிகீது."

"அப்போ ராகு காலத்துல காட்டக் கூடாதா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

தெரியவில்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். என் வாயில் அந்த வார்த்தை அதுவரை வந்ததே இல்லை. "கூடாது," என்றேன்.

மறுநாள் ரயிலில் போகும்போது அந்த வரி மனசில் உறுத்தியது. வெள்ளைக்காரனுக்கு ஏது ராகு காலம்? இங்கிலீஷ் டீச்சரைக் கேட்டிருக்கலாம். கேட்டால், வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவளுக்கு மூன்று சின்ன வார்த்தை தெரியவில்லை என்று ஆகும். கேட்கவில்லை.

ஏழு நாளைக்கும் ராகு காலம் எப்போது வரும் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். அண்ணன் அதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். நல்ல நேரத்தில், ரோட்டில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் கை காட்டினான். அதுவும் திரும்புகிற இடத்துக்கு வந்து, திரும்பிக்கொண்டே காட்டுவான். ராகு காலத்தில் இரண்டு கையையும் பிடியிலிருந்து எடுக்கவே மாட்டான்.

அவனுக்கு வண்டி பழக்கியவர் பாயிடம் வேலை செய்த லாரி டிரைவர். பின்னால் உட்கார்ந்து வருவார். எனக்குப் பள்ளிக்கூடம் லீவாயிருந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவுக்கு அண்ணன் சடாரென்று திரும்பியபோது, பின்னால் வந்த நெல் லாரி கிறீச்சிட்டு நின்றது. அம்மாவும் நானும் வெளியே ஓடிவந்தோம். நெல் லாரிக்காரர் கத்தினார்: "யோவ், கை இருக்குதா இல்லியா உனுக்கு? மேல ஏத்திட்டா எனுக்கில்ல பேஜாரு?"

லாரி போன பிறகு எங்கள் டிரைவர் அண்ணனைக் கேட்டார்: "ஏம்பா காட்டலே?"

"மணி ரெண்டு. ராகு காலம். புக்குல கூடாதுன்னு போட்டுக்கீதுண்ணே."

டிரைவர் என்னைப் பார்த்தார். என் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. "புக்குல போட்டுக்கீதா?" என்றார். "எனக்கு லைசன்ஸ் குடுத்தப்ப புக்கெல்லாம் இல்ல. இருக்கும், இருக்கும்." அதோடு அவரும் விட்டுவிட்டார்.

அந்த லாரி நின்ற இடத்தில் ரோட்டில் கறுப்பாக இரண்டு கோடு இருந்தது. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நடந்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

லைசன்ஸ் கொடுக்கும் இன்ஸ்பெக்டர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை திருவள்ளூருக்கு வந்து சோதனை வைப்பார். இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று அண்ணன் என்னையும் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். மோட்டார் சைக்கிளைப் பாயின் லாரியில் ஏற்றி, நாங்கள் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். இருந்ததில் நல்ல தாவணியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் முறை வரும்போது மணி பதினொன்று. அங்கிருந்த கோயில் குளத்தைச் சுற்றி, இரண்டு இடத்தில் வலது பக்கமும் ஓர் இடத்தில் இடது பக்கமும் திரும்பி வரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அண்ணன் அன்றைக்கு ஓட்டியதுபோல் அதற்கு முன் ஓட்டியதில்லை. வண்டி எங்கேயும் ஆடவில்லை, அணையவில்லை. அவன் கை மட்டும் ஒரு தடவைகூடப் பிடியை விட்டு எழவில்லை.

"வண்டி நல்லாத்தான் ஓட்டறே. கை என்ன ஆச்சு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இப்போ ராகு காலம் சார்."

"என்னது?"

"வெள்ளிக்கெழம பத்தரைலேந்து பன்னெண்டு சார். நல்ல நேரத்துலதான் கை காட்டணும்னு சர்க்கார் புக்குல போட்டுக்கீது. என் தங்கச்சி படிச்சி சொல்லிச்சி. ஆறாம் பாரம் படிக்குது சார். அதோ."

என்னைக் காட்டுவதற்காக அவன் வலது கையை நேராக, தோள் உயரத்துக்கு நீட்டினான். புத்தகத்துப் படத்தில் இருந்த மாதிரியே இருந்தது.

இன்ஸ்பெக்டர் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி அந்த வரியைத் தேடிப் படித்தார். முதலில் அவர் சிரிக்கவில்லை. பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். "இதுக்கு முன்கூட்டியேன்னு அர்த்தம்மா. திரும்பறதுக்கு முன்னாடியே, மத்தவங்களுக்குத் தெரியற மாதிரி காட்டணும்னு அர்த்தம். நல்ல நேரம் கெட்ட நேரம் இல்லே." வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அச்சடிச்சவன் தப்பாப் போட்டிருப்பான் சார்," என்றான். "அது தப்பாப் படிக்காது. எங்க ஊட்ல படிச்சது அது ஒண்ணுதான்."

அவன் குரலில் சந்தேகமே இல்லை. லைசன்ஸ் கை நழுவிப் போகிற நேரத்தில் அவன் அதற்காக வாதாடவில்லை, எனக்காக வாதாடிக்கொண்டிருந்தான்.

"இல்லேண்ணா," என்றேன். "புக்குல சரியாத்தான் இருக்குது. நாந்தான் தெரியாம சொன்னேன்."

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தந்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறவர்கள் பார்ப்பதுபோல் பார்த்தான். இன்ஸ்பெக்டர் அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது டிரைவர், "அடுத்த மாசம் இன்னா கெழமன்னு கேட்டீங்களா?" என்றார்.

"வெள்ளிக்கெழமதான்," என்றான் அண்ணன்.

மறுநாள் சனிக்கிழமை, நானே பாயைப் பார்க்கப் போனேன். ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கிடங்கில் அவர் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, அண்ணனுடையது இல்லை என்று சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் தாடியைத் தடவினார்.

"எனக்கு இந்த ராகு காலமெல்லாம் தெரியாது பாப்பா. தெரிஞ்சிருந்தா உங்க அண்ணனைக் கேட்டுத்தான் என் லாரிய ரோட்ல விட்டிருப்பேன்," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மெட்ராஸ்காரனை அடுத்த சோதனை வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன். அதுக்கு மேலே எனக்குத் தாங்காது," என்றார்.

முன்கூட்டியே என்றால் எவ்வளவு முன்னால்? புத்தகத்தில் அது இல்லை. இந்தத் தடவை, திங்கட்கிழமை இங்கிலீஷ் டீச்சரைக் கேட்டேன். தேவையான அளவுக்கு முன்னால் என்று சொன்னார். தேவையான அளவு என்றால் எவ்வளவு என்று அவருக்கும் தெரியவில்லை. அவர் வண்டி ஓட்டியவர் இல்லை.

அன்று மாலை ரயிலிலிருந்து இறங்கி நடக்கும்போது, எதிர்ப்பக்க ரயிலுக்காகக் கைகாட்டி இறங்கியது. மரக் கம்பத்தின் மேல் சிவப்புக் கை சாய்ந்து, எவ்வளவோ நேரம் கழித்துத்தான் தூரத்தில் புகை தெரிந்தது. பத்து வருஷமாகப் பார்க்கிற கைகாட்டிதான். அதன் பேரில் கை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் சொன்னேன். "ரயிலு வந்த அப்பறமா கைகாட்டி எறங்குது? எவ்ளோ முன்னாடி எறங்குது, பாத்துக்கீறியா?"

அவன் வண்டி மாட்டை ஓட்டுவதுபோல் ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு சொன்னான்: "பின்னாடி வர்றவன் கைய பாக்கணும். பாத்துட்டு நெனைக்கணும். நெனைச்சிட்டு வண்டிய இழுத்துப் புடிக்கணும். அப்போ பாக்கறதுக்கு ஒரு மரம், நெனைக்கறதுக்கு ஒரு மரம், புடிக்கறதுக்கு ஒரு மரம்."

எங்கள் தெரு திரும்புகிற இடத்துக்கு முன்னால் கல்கத்தா ரோட்டில் வரிசையாகப் புளியமரங்கள் உண்டு. திருப்பத்திலிருந்து எண்ணி மூன்றாவது மரத்தில் கை எழ வேண்டும் என்று வைத்துக்கொண்டான். கை எழுவதற்கு முன் தலை திரும்பிப் பின்னால் பார்க்க வேண்டும். கடைசி மரத்தில் கை பிடிக்குத் திரும்பிவிட வேண்டும். கையை நீட்டிக்கொண்டே திரும்பினால் வண்டி வேலிக்குள் போய்விடும் என்று ஒரு நாள் வேலிக்குள் போய்த் தெரிந்துகொண்டான். சாயங்காலம் நான் மரத்தடியில் நின்று பார்ப்பேன். "ரெண்டாவது மரத்துலதான் எடுத்தே" என்று சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிப் போய் மறுபடி வருவான். பஸ் சில நாள் பழையபடி நின்றது. பிறகு கண்டக்டர், "நீ கைய காட்டு ராசா, நான் நிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போகக் கற்றுக்கொண்டார்.

அடுத்த மாதச் சோதனைக்குப் புறப்படும்போது அம்மா மட்டும், "இன்னிக்கும் அதே நேரமா?" என்றாள். அண்ணன் அவள் காலைத் தொட்டுவிட்டு என்னோடு லாரியில் ஏறினான்.

திருவள்ளூர்த் தெருவில் புளியமரம் இல்லை என்பது அங்கே போய் நின்றபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அண்ணனுக்கு மரம் தேவைப்படவில்லை. முனையிலிருந்து மூன்றாவது கடைக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தான், கை எழுந்தது, முனைக்கு ஒரு கடை இருக்கும்போது இறங்கியது. இடது பக்கத் திருப்பத்துக்கு முன்னால் கையை நீட்டி அழகாக வட்டம் போட்டான். பூக்கடையில் இருந்த அம்மாள், "இன்னாடி இது, ரோட்ல மாவாட்டிக்கினு போறான்" என்று பக்கத்துக் கடைக்குச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டருக்கு எங்களை ஞாபகம் இருந்தது. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கும் வெள்ளிக்கிழமைதானே? ராகு காலம் இல்லியா?" என்று கேட்டார்.

"கீது சார்," என்றான் அண்ணன். "பின்னாடி வர்றவனுக்கு அது தெரியாதே."

மெட்ராஸ்காரர் வரவேண்டிய தேவை இல்லாமல் போனது. தகரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தான். இன்றைக்கும் அது எங்கள் அரிசிப் பானைக்கு மூடி. தெருவில் வயதானவர்கள் சிலர் இன்னமும் அவனை 'ட' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு நான் டீச்சர் டிரெய்னிங் முடித்தேன். வேப்பம்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. சேர வேண்டியது ஒரு திங்கட்கிழமை. ரயில் எட்டு மணிக்கு. ஏழரைக்கு ராகு காலம், அதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று அம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னல், பெட்டி, அழுகை எல்லாம் சேர்ந்து ஏழே முக்கால் ஆகிவிட்டது. அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஊரில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. தெருவே வாசலில் நின்றது. மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கல்கத்தா ரோட்டிலிருந்து ஸ்டேஷனுக்குத் திரும்பும் இடம் வந்தது. அண்ணன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். நானும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டி இல்லை. இருந்தாலும் மூன்றாவது மரத்தில் அவன் கை எழுந்தது.

"சரியா இருந்துச்சா?" என்று இறங்கும்போது கேட்டான்.

"நல்ல நேரத்துலதான் காட்டினே," என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கிக்கொண்டான். தூரத்தில் கைகாட்டி எப்போதோ இறங்கியிருந்தது. புகை இன்னும் தெரியவில்லை.